காலா நாலாவில் பதினேழாம் துளை

ராஜவேல் தன்னைத் தேடி வருவான் என்று ஒச்சம்மா எதிர்பார்க்கவில்லை. அவனிடம் போய்ச் சேருவது எப்படி என்றுதான் மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள். 2012 கார்த்திகையில் ஒருநாள் காலை, அந்தமானின் பாராடாங் தீவில், படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் அவள் சமையல் வேலை பார்த்த சிறிய ஓட்டலுக்கு அவனே வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, நான்கு இட்லி சொல்லிவிட்டு, அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"என்ன ஒச்சம்மா, அரிக்கிற வேலையெல்லாம் மறந்து போச்சா?"

"அரிசியாய்யா, மண்ணா?"

"மண்ணுதான். காலா நாலா குப்பையைத் திரும்பக் கிளறப் போறோம். மெயின்லேண்டுல இருந்து ஒரு மேடம் வருது. எந்த மாசத்து மண்ணை எங்க கொட்டினோம்னு உன்னை விட்டா யாருக்குத் தெரியும்? பழைய ஆளுங்க ஒருத்தன்கூட இல்ல."

ஒச்சம்மா சாம்பார் ஊற்றினாள்.

"வர்றேன்யா," என்றாள். "ஓட்டல்ல சொல்லிட்டு வர்றேன்."

பழைய ஆட்களில் ஒருவன் அந்தக் குப்பைக்கு அடியிலேயே கிடந்தான் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். தனக்குத் தெரியும் என்பது ராஜவேலுக்குத் தெரியாதபடி மூன்று வருடம் பார்த்துக்கொண்டவள் ஒச்சம்மா.

அவள் பிறந்தது இலங்கையின் மலைத்தோட்டத்தில். கைக்குழந்தையாகக் கப்பலேறி, நிக்கோபாரில் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். தோட்டத்தில் ரேஷன் அரிசி என்றால் பாதி கல். லயக்குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் இரண்டு சட்டியை வைத்துக்கொண்டு அரிசி அரிப்பார்கள். தண்ணீரோடு சட்டியைச் சாய்த்து மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால், அரிசி மிதந்து அடுத்த சட்டிக்குப் போகும். கல் அடியில் நிற்கும். ஒச்சம்மா அரித்த அரிசியில் பல்லில் கல் பட்டது என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் தம்பி முருகானந்தத்துக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவனுக்குச் சோறு ஊட்டிப் பழகிய கை அது.

சுனாமியில் கச்சாலில் அவளுடைய புருஷனும் பெற்றோரும் போனார்கள். அன்று காலையில் தம்பி அவளை ரப்பர் மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடியதால் இரண்டு பேர் மிஞ்சினார்கள். போர்ட் பிளேரில் முகாம், அப்புறம் தகரக் கொட்டகை, அப்புறம் பாராடாங். 2007இல் அங்கே காட்டோரத்தில், காலா நாலா என்ற ஓடைக்கரையில், ஒரு மெயின்லேண்ட் கம்பெனி குரோமைட் என்ற கறுப்புத் தாது தோண்டிப் பார்க்க வந்தது. ஆள் பிடித்து வேலை நடத்திய காண்ட்ராக்டர் ராஜவேல். மூன்று தலைமுறையாகத் தீவில் இருக்கிற குடும்பம். இரண்டு லாரி, ஒரு தென்னந்தோப்பு, நாக்கு நுனியில் நான்கு மொழி.

தோண்டிய கல்லை நொறுக்கித் தண்ணீரோடு, மோட்டாரில் ஆடிக்கொண்டேயிருக்கும் ஆட்டுமேசையில் விடுவார்கள். கனமான கறுப்பு மணல் ஒரு பக்கம் ஒதுங்கும். மிச்சச் சேறு குழாய் வழியாகப் பள்ளத்துக்குப் போகும். பள்ளத்தின் வாயில் மண்ணணை. ஆட்டுமேசை சரியாகப் பிரிக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை சேற்றை அள்ளி அரித்துப் பார்ப்பது ஒச்சம்மாவின் வேலை. அரிசியில் கல் அடியில் நிற்பதுபோல மண்ணில் கறுப்பு அடியில் நிற்கும். அவள் சட்டியில் கறுப்பு அதிகம் நின்றால் மேசையின் சாய்வை மாற்றுவார்கள்.

2009 ஆகஸ்டில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. ஆறாம் நாள் மாலையில் மண்ணணை கசிந்தது. மேலேயிருந்த மேனேஜர் வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தார். ராஜவேல் நிறுத்தவில்லை. முருகானந்தத்தையும் ராஞ்சிக்கார ஆள் இரண்டு பேரையும் மணல் மூட்டை போட அணைக்குக் கீழே இறக்கினான். அரைமணி நேரத்தில் அணை உடைந்தது. ராஞ்சி ஆட்கள் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முருகானந்தத்தைக் காணோம்.

விடிந்ததும் ராஜவேல் செய்த முதல் காரியம், உடைந்த இடத்தை புல்டோசரால் மூடியது. இரண்டாவது காரியம், அந்த இரண்டு பேரையும் கையோடு கப்பல் ஏற்றியது. போகிற அவசரத்தில் அவர்களில் ஒருவனான சோம்ரா, ஜெட்டியில் ஒச்சம்மாவின் காதருகே குனிந்தான். "தீதி, பாயி உதர் ஹி ஹை. தம்பி அங்கதான், அணை உடைஞ்ச வாயில. கீழே," என்று தனக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

ஒச்சம்மா போலீஸ் தானாவுக்கு ஓடினாள். அதற்குள் ராஜவேல் சொல்லி முடித்திருந்தான்: அந்தப் பையன் முந்தின நாளே சாயங்கால ஃபெரியில் போய்விட்டான், கூட ஒரு பொம்பளையும் போனதாகக் கேள்வி. காணாமல் போனவர் என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார்கள். தோண்டிப் பாருங்கள் என்று அழுதாள். அத்தனை மண்ணை யார் தோண்டுவது, மெஷின் யார் தருவது என்று கேட்டார்கள்.

செத்தவனுக்குக் காரியம் செய்ய முடியாது, ஏனென்றால் அவன் சாகவில்லை. அவன் பேரில் ஒரு பொட்டு விளக்குகூட வைக்க முடியாது. "ஓடிப்போனவனுக்கா விளக்கு?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். கடல் விட்டுவைத்த ஒரே ஆளை ஒரு மனிதன் எடுத்துக்கொண்டு, எடுக்கவேயில்லை என்கிறான். அவனைக் கத்தியால் குத்தலாம். அது ஒரு நாள் வேலை. குத்தினாலும் தம்பி ஓடிப்போனவனாகவேதான் இருப்பான். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. அந்த மண்ணை ராஜவேல் கையாலேயே தோண்டவைக்க வேண்டும்.

அதனால் ஒரு மாதம் அழுதபிறகு அழுகையை நிறுத்தினாள். சந்தையில் நாலு பேர் காதில் விழும்படி, "எங்கயோ நல்லா இருந்தா சரி. தம்பின்னு வளத்தேன், ஒரு கடுதாசி இல்ல," என்றாள். சொன்ன அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை கண்டபோது ராஜவேல் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

கம்பெனி 2010இல் மூட்டை கட்டிக்கொண்டு போனது. பள்ளத்துச் சேறு இறுகிக் குப்பை மேடாகி, அதில் புல் முளைத்தது.

இப்போது அந்தக் குப்பைக்கு விலை வந்திருந்தது. குரோமைட் இருக்கிற கல்லில் சில இடங்களில் பிளாட்டினமும் அதன் கூட்டாளி உலோகங்களும் பொடிப்பொடியாக இருக்குமாம். கடுகைப் பத்தாக நறுக்கினால் வருகிற அளவு. பழைய ஆட்டுமேசைக்கு அது பிடிபட்டிருக்காது, சேற்றோடு போயிருக்கும் என்று யாரோ ராஜவேல் காதில் ஓதியிருந்தார்கள். ஒரு லாரியை விற்றுக் குப்பையின் மீதான உரிமையை எழுதி வாங்கிவிட்டான். இனி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆய்வுக்கு வந்த பெண் ஹரிணி. சேலத்துக்காரி, வயது இருபத்தாறு. முதல் நாளே ஒச்சம்மாவை அக்கா என்று கூப்பிட்டாள். மேட்டின்மீது சுண்ணாம்பால் கட்டம் போட்டு இருபத்துநான்கு இடங்களைக் குறித்தாள். ஒவ்வொரு இடத்திலும் திருகாணி போன்ற துளைக்கம்பியை இரண்டு ஆள் ஆழம் இறக்கி மண்ணை எடுப்பார்கள். எடுத்த மண்ணைக் காயவைத்து, கூம்பாகக் குவித்து, நான்காக வகுந்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, மிச்சத்தைத் திரும்பக் குவித்து வகுந்து, கடைசியில் இரண்டு கிலோ மிஞ்சும்போது துணிப்பையில் கட்டி எண் போட வேண்டும்.

"காய வைக்கிறது, வகுக்கிறது, கட்டறது எல்லாம் நீங்கதான் அக்கா. உங்க கை சுத்தமா இருக்கு," என்றாள் ஹரிணி.

"சரிங்க மேடம்."

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இந்த மூன்று எண்களும் பழைய அணை உடைந்த வாயின் மேல் விழுந்தன. சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒச்சம்மா கொஞ்சநேரம் நின்றாள். புல் மற்ற இடம்போலவேதான் முளைத்திருந்தது.

ஹரிணி ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுவழி டிரங்க் ரோட்டில், போலீஸ் காவலோடு போகிற வண்டி வரிசையில் போர்ட் பிளேர் போய்விடுவாள். அந்த நாட்களில் ஒச்சம்மா மேட்டின் மறுகோடியிலிருந்து வாளி வாளியாகச் சேற்றை அள்ளி ஓடைக்கு இறங்கினாள். இரண்டு அலுமினியச் சட்டி. சாய்த்து, சுற்றி, சாய்த்து, சுற்றி. ஒரு வாளி மண்ணுக்குக் கடைசியில் உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு நிற்கும்; கனமான உலோகப் பொடியும் அதோடுதான் நிற்கும். எங்கே பார்த்தாலும் கிடைக்கிற அதே மண்தான். அவள் கை அதைச் சுருக்கியது, அவ்வளவுதான். ஆறு வாளியின் கறுப்பைச் சேர்த்தால் ஒரு பைக்குப் போதும். பைக்குள்ளிருந்த மண்ணில் அதே எடையை எடுத்துவிட்டு, கறுப்பைப் போட்டுப் பிசைந்து, காயவைத்து, கட்டினாள். ஒவ்வொரு துளைக்கும் மேல் மண், நடு மண், அடி மண், ஒத்துப்பார்க்க இன்னொன்று என்று நான்கு பை. அணை வாயின் அந்த மூன்று துளைக்கும் பன்னிரண்டு. நான்கு ஞாயிறு ஆயிற்று. முதுகு ஒடிந்தது. அரிக்கும்போது அவள் தம்பியிடம் பேசிக்கொண்டேயிருந்தாள். அழவில்லை. "இரு, வர்றேன். அவனையும் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

முடிவு ஏப்ரலில் வந்தது. ராஜவேல் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஜீப்பிலிருந்து குதித்தான்.

"தேக்கா மேடம்? மத்த எடமெல்லாம் சும்மா. இந்த மூணு துளை பாருங்க, ஒம்பது மடங்கு, பத்து மடங்கு."

ஹரிணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதான் எனக்குப் பிடிக்கல சார். பக்கத்துல பதினாறு ஒண்ணுமில்ல, இருபது ஒண்ணுமில்ல. நடுவுல மட்டும் எப்படி? குரோமியமும் சேர்ந்து கூடியிருக்கு."

"கூடத்தான் செய்யும். கடைசி மாசம் ஆட்டுமேசை மோட்டார் பாதி நாள் ஓடல. சரியா அலசாமலே பள்ளத்துல விட்டோம். அந்தச் சேறு அணை வாயிலதான் போய் நின்னுச்சு. கேளுங்க, ஒச்சம்மாவைக் கேளுங்க."

ஹரிணி திரும்பினாள். "அப்படியா அக்கா?"

ஒச்சம்மாவுக்கு ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மோட்டார் ஓடலைங்கறது நெசந்தாங்க மேடம்," என்றாள்.

"இருந்தாலும் திரும்ப ஒருதரம் துளை போட்டு அனுப்பிடலாம். மூணு மாசம்."

"மூணு மாசமா? மே பொறந்தா மழை. அப்புறம் டிசம்பர் வரைக்கும் பள்ளத்துல கால் வைக்க முடியாது. உரிமை ஒரு வருஷத்துக்குத்தான் கம்பெனிக்காரன் கொடுத்திருக்கான். நஹி மேடம், நஹி."

அந்த இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று அவனுக்கு ஒரு நொடி தோன்றியிருக்க வேண்டும். காகிதத்தை மடித்தவன் மேட்டைப் பார்த்தான், பிறகு ஒச்சம்மாவைப் பார்த்தான். ஒச்சம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்தில் என்ன மிஞ்சியிருக்கப் போகிறது, மெஷின் அள்ளுகிற மண்ணில் யார் கண்ணுக்கு என்ன தெரியப்போகிறது என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை அவளால் பார்க்காமலே படிக்க முடிந்தது. பயம் ஒரு பக்கம் இழுத்தது, பிளாட்டினம் ஒரு பக்கம் இழுத்தது. தென்னந்தோப்பையும் மிச்ச லாரியையும் விற்று ஜேசிபி கொண்டுவந்தான்.

ஜேசிபி ஓட்டியவர் பன்னீர்செல்வம், லாங் ஐலண்டிலிருந்து வந்தவர். வாயில் பாக்கு இல்லாமல் வண்டி எடுக்கமாட்டார். இரண்டு நாள் மேல்மண் போயிற்று. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, பதினேழாம் துளைக்குச் சற்றுக் கீழே, வாளி ஒரு நீலத் தார்ப்பாய் மழைக்கோட்டை இழுத்துக்கொண்டு மேலே வந்தது. கோட்டோடு ஒரு ரப்பர் கம்பூட்டு. கம்பூட்டுக்குள் எலும்பு.

"க்யா ஹை?" என்றான் ராஜவேல். உடனே அவனே பதில் சொன்னான். "மான் எலும்பு. தள்ளுப்பா, அந்தாண்ட போடு."

பன்னீர்செல்வம் பாக்கைத் துப்பினார். "மான் எப்பய்யா பூட்ஸ் போட்டுச்சு?" என்றபடி இன்ஜினை அணைத்தார்.

"நான் சொல்றேன், எடு வண்டியை."

அவர் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். "நான் புள்ளகுட்டிக்காரன். இதுல கை வைக்கமாட்டேன். வேணும்னா நீங்க ஓட்டிக்கங்க."

ராஜவேல் பள்ளத்தில் இறங்கப் போனான். அதற்குள் ஒச்சம்மா இறங்கியிருந்தாள். கோட்டின் பக்கத்தில், ஈரச் சேற்றில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு ஒச்சம்மா. தமாஷா பண்ணாதே."

"தானாவுல இருந்து ஆள் வரட்டும்யா. மண்ணைத் தோண்ட மெஷின் யாரு தருவான்னு அன்னிக்குக் கேட்டாங்க. நீங்க தந்திருக்கீங்கன்னு அவங்களும் பாக்கட்டும்."

மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹரிணி அதற்குமேல் தாமதிக்கவில்லை. போனில் சிக்னல் இல்லாததால் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் தானா ஆட்களோடு வந்தாள். இரண்டரை மணி நேரம். அத்தனை நேரமும் ஒச்சம்மா உட்கார்ந்தே இருந்தாள். ராஜவேல் மேலே வெயிலில் நின்றான். உட்காரக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

தொடையெலும்பில் ஒரு தகடும் ஆறு திருகாணியும் இருந்தன. சுனாமியன்று மேட்டில் மரம் விழுந்து முறிந்த தம்பியின் காலுக்கு போர்ட் பிளேரில் வைத்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தை ஒச்சம்மா அன்றிலிருந்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். தகட்டின் எண் ஒத்துப்போயிற்று. சோம்ராவை ராஞ்சிப் பக்கம் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். ராஜவேல் நான்கு மாதம் உள்ளே இருந்தான். ஓடிப்போனவன் செத்தவன் ஆனான். இறந்த இடம் என்ற வரியில் காலா நாலா என்று எழுதிய சான்றிதழை ஒச்சம்மா எழுத்துக்கூட்டித் திரும்பத் திரும்ப வாசித்தாள். எலும்பைக் கடற்கரையில் எரித்தாள். பொட்டு விளக்கு வைத்தாள்.

ஹரிணி ஒருநாள் ஓட்டலுக்கு வந்தாள். பெட்டியோடு வந்திருந்தாள். திரும்பத் துளை போட்ட மண்ணில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்திருந்தது.

"அந்தப் பன்னெண்டு பை, நீங்கதானே அக்கா?"

"ஆமாங்க மேடம்."

"என் ரிப்போர்ட்டுலதான் கையெழுத்து இருக்கு. வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

ஒச்சம்மா கையைத் துடைத்தாள். "மேடத்துக்கு அது வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

ஹரிணி பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு டீ கேட்டாள். குடித்துவிட்டு எழுந்து கப்பலுக்குப் போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அவள் விஷயத்தில் மட்டும் ஒச்சம்மாவுக்கு நெஞ்சில் ஒரு முள் இருந்தது. ராஜவேல் விஷயத்தில் இல்லை.

ஜாமீனில் வந்த ராஜவேல், அடுத்த வருடம் ஒருநாள் வாகன ஃபெரியில் அவளைப் பிடித்தான். லாரிகளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், கைப்பிடிக் கம்பியோரம் அவள் காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். அவன் சட்டைக் காலர் கிழிந்திருந்தது. அவளை அக்கா என்று கூப்பிட்டான்.

"ஒச்சம்மாக்கா, கோர்ட்டுல நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். தம்பி தானாத்தான் அணைக்கு இறங்குச்சுன்னு. என்கிட்ட ஒண்ணுமில்ல. தோப்பு போச்சு, வண்டி போச்சு. அந்த மண்ணுல ஒண்ணுமே இல்லையாமே. என் நேரம்."

"நேரமில்ல," என்றாள் ஒச்சம்மா. ஐயா என்ற சொல் அவள் வாயிலிருந்து போயிருந்தது. "பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது. பைக்கு ஆறு வாளி. நாலு ஞாயித்துக்கெழம. நான் அரிச்சுப் போட்டேன்."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. இன்ஜின் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டதோ என்பதுபோல இன்னும் நெருங்கி வந்தான்.

"நீயா? நீயா என்னைத் தோண்ட வச்சே? இதைப் போய் நான் சொன்னா நீ உள்ள போவ, தெரியுமா?"

"போய்ச் சொல்லு. அந்த எடத்துக்கு மட்டும் ஒச்சம்மா உன்னை ஏன் இழுத்தாள்னு கேப்பாங்க. அவளுக்கு மூணு வருசமாத் தெரிஞ்சது, மூடின உனக்குத் தெரியாதான்னு கேப்பாங்க. நீயே பதில் சொல்லு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ராஜவேல் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பிறகு தலையைக் கம்பியின்மேல் சாய்த்துக்கொண்டான். அப்படி ஒரு மனிதன் குனிந்து நின்றால் இரக்கம் வரும் என்பார்கள். ஒச்சம்மா காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

"வாய்தாவுக்கு வாய்தா நான் வருவேன்," என்றாள். "என் தம்பிய நீதான் இறக்குனேன்னு ஒவ்வொரு தரமும் சொல்லுவேன். எனக்கு வேற வேலை இல்ல."

ஃபெரி கரையில் முட்டியது. சங்கிலியை அவிழ்த்துப் பலகையை இறக்கினார்கள். அவள் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வண்டிகளுக்கு முன்னால் முதல் ஆளாக இறங்கிப் போனாள்.